மருத்துவக் காப்பீடு: கட்டாயம் யார் மேல்?

வண்டிக்கு இன்சூரன்ஸ் இல்லாமல் ரோட்டில் இறங்கினால் அபராதம் போடுகிறார்கள். வண்டியை ஓட்டுகிறவர் உடம்புக்கு இன்சூரன்ஸ் இருக்கிறதா என்று யாரும் கேட்பதில்லை. காப்பீட்டு முகவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் வாதம் இது. கேட்ட மாத்திரத்தில் சரிதானே என்று தோன்றும். ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் முதன்மையாகக் கட்டாயப்படுத்துவது மூன்றாம் நபர் காப்பீட்டை. நம் வண்டி மோதி வேறொருவர் கால் ஒடிந்தால், அவருக்கு இழப்பீடு கிடைக்க வேண்டும் என்பதற்காக வந்த விதி அது. நம் வண்டியின் பம்பர் நசுங்கினால் அது நம் பாடு. அதற்குத் தனியாகப் பணம் கட்டினால் உண்டு. இன்னொன்றையும் முகவர்கள் சொல்வதில்லை. இத்தனை பத்தாண்டுக் கட்டாயத்துக்கும் டிராபிக் போலீஸுக்கும் பிறகும், இந்தியாவில் ஓடும் வாகனங்களில் ஏறத்தாழ பாதிக்குக் காப்பீடு இல்லை. இருசக்கர வாகனங்கள்தான் அதில் பெரும்பங்கு.

ஆகவே மருத்துவக் காப்பீட்டை எல்லோருக்கும் கட்டாயமாக்கலாமா என்று கேட்கும்போது இரண்டு கேள்விகளைச் சேர்த்தே கேட்கிறோம். என் உடம்பு என் சொந்த விஷயமாக இருக்க, அதற்கு நான் பணம் ஒதுக்கியே தீர வேண்டும் என்று அரசு சொல்வதற்கு என்ன நியாயம் இருக்கிறது? அப்படியே சொன்னாலும், அதை நடத்திக்காட்ட அரசால் முடியுமா? உலகில் இதற்காக நடந்த சண்டைகளில் முதல் கேள்விதான் மேடையேறியது. இந்தியாவில் விஷயம் இரண்டாவது கேள்வியில்தான் சிக்கிக்கொண்டிருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதல் கேள்விக்கு வருவோம். காப்பீடு என்பது ஏலச்சீட்டு மாதிரி. முதல் மாதமே சீட்டை எடுத்தாக வேண்டும் என்ற நெருக்கடியில் இருப்பவர்கள் மட்டும் சேர்ந்தால் அந்தச் சீட்டு நிற்காது. பொறுத்திருக்கக் கூடியவர்களும் இருந்தால்தான் சுற்று முடியும். பொருளியலாளர் ஜார்ஜ் அகெர்லாஃப் 1970இல் பழைய கார் சந்தையைப் பற்றி எழுதிய புகழ்பெற்ற கட்டுரையில், அறுபத்தைந்து வயதைத் தாண்டியவர்களுக்கு மருத்துவக் காப்பீடு கிடைப்பது ஏன் அவ்வளவு கடினம் என்பதையும் விளக்கினார். பிரீமியம் ஏற ஏற ஆரோக்கியமானவர்கள் கழன்றுகொள்கிறார்கள். மிஞ்சுபவர்கள் நோயாளிகள். அவர்களுடைய செலவைத் தாங்க பிரீமியம் மேலும் ஏறுகிறது. மேலும் சிலர் கழல்கிறார்கள்.

இந்தச் சுழலில் இருந்து தப்பிக்கக் காப்பீட்டு நிறுவனங்கள் கண்டுபிடித்த வழிகளை நம்மூரில் பாலிசி எடுத்த எல்லோரும் அறிவார்கள். முதல் முப்பது நாளைக்குப் பொதுவாக விபத்துக்கு மட்டும்தான் பணம். குடலிறக்கத்துக்கும் கண்புரைக்கும் இரண்டு வருடமோ அதற்கு மேலோ காத்திருக்க வேண்டும். சர்க்கரை ஏற்கெனவே இருந்தால் அது தொடர்பான எதற்கும் சில ஆண்டுகள் கிடையாது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம் 2024இல் இந்த விதிகளைத் தளர்த்தியது. முன்பே இருந்த நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தின் உச்சவரம்பை நான்கிலிருந்து மூன்று ஆண்டுகளாகக் குறைத்தது. அறுபத்தைந்து வயது வரையில் உள்ளவர்களுக்காவது பாலிசி தந்தாக வேண்டும் என்றிருந்த வரம்பையும் எடுத்தது. நல்ல காரியம்தான். ஆனால் எழுபது வயதுக்காரருக்கு பாலிசி தரலாம் என்பது வேறு, அவரால் கட்டக்கூடிய விலைக்குத் தருவது வேறு. மூத்த குடிமக்களின் பிரீமியத்தை ஒரே ஆண்டில் பத்து சதவீதத்துக்கு மேல் உயர்த்துவதானால் தன்னைக் கலந்துகொள்ள வேண்டும் என்று 2025 ஜனவரியில் ஆணையம் உத்தரவு போட வேண்டிவந்தது.

எல்லோரும் சேர்ந்தாக வேண்டும் என்று சட்டம் போட்டால் இந்தச் சுழல் நின்றுவிடும். நோயாளிகள் மட்டும் வந்து சேருவார்களோ என்று நிறுவனம் பயப்படத் தேவையில்லை. அப்போது அரசும் நிறுவனத்தைப் பார்த்துச் சொல்லலாம்: யார் வந்தாலும் சேர்த்துக்கொள், எல்லோருக்கும் ஒரே விலை வை, பழைய நோயைக் காட்டி மறுக்காதே. கட்டாயக் காப்பீட்டுக்கு ஆதரவான வாதத்தின் சாரம் இதுதான். இதில் கட்டாயம் மக்கள் மேல் மட்டும் விழவில்லை, விற்பவர் மேலும் விழுகிறது. பேச்சு சூடேறும்போது இந்தப் பின்பாதி பெரும்பாலும் மறக்கப்பட்டுவிடுகிறது.

கட்டாயக் காப்பீட்டைத் தொடங்கிவைத்தவர் சோஷலிசவாதி அல்ல. சோஷலிசவாதிகளை ஒடுக்கச் சட்டம் போட்ட பிஸ்மார்க். 1883இல் ஜெர்மனியில் தொழிலாளர் நோய்க் காப்பீட்டுச் சட்டம் வந்தபோது மூன்றில் இரண்டு பங்கைத் தொழிலாளியும் ஒரு பங்கை முதலாளியும் கட்டினார்கள். தொழிற்சங்கங்களின் செல்வாக்கைக் குறைப்பதும் அவருடைய கணக்கில் இருந்தது. அந்தச் சட்டம் அரசுகளையும் போர்களையும் நாட்டுப் பிரிவினையையும் தாண்டி வந்து, இன்று ஜெர்மனியில் பத்தில் ஒன்பது பேர் பொதுக் காப்பீட்டு நிதியங்களில் இருக்கிறார்கள். ஆனால் அந்நாட்டில் வாழும் ஒவ்வொருவருக்கும் ஏதாவதொரு காப்பீடு இருந்தாக வேண்டும் என்ற முழுக் கட்டாயம் 2009இல்தான் வந்தது. இடையில் ஓடியவை நூற்று இருபத்தாறு ஆண்டுகள். சம்பளப் பட்டியல் உள்ள இடத்தில் பிடித்தம் செய்து, தொழில் தொழிலாக விரிந்து, கடைசியில் மிஞ்சிய சிலரை மட்டும் சட்டம் போட்டுச் சேர்த்தார்கள்.

அவ்வளவு காலம் காத்திருக்க வேண்டியதில்லை என்று காட்டியது தென்கொரியா. 1977இல் ஐந்நூறு பேருக்கு மேல் வேலை செய்யும் நிறுவனங்களுக்குக் கட்டாயம் என்று தொடங்கினார்கள். அரசு ஊழியர்கள், ஆசிரியர்கள், சிறிய நிறுவனங்கள் என்று வட்டம் பெருகிற்று. 1988இல் கிராமப்புறம், 1989இல் நகரத்தில் சொந்தத் தொழில் செய்வோர். பன்னிரண்டு ஆண்டுகளில் நாடு முழுவதும் உள்ளே வந்துவிட்டது. கேட்க அழகாக இருக்கிறது. நடந்தது அவ்வளவு சுமுகமாக இல்லை. மாதச் சம்பளம் இல்லாத விவசாயியின் வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது? நிலத்தையும் சொத்தையும் வைத்துக் கணக்கிட்டார்கள். தங்களுக்குப் பாதி கட்ட முதலாளி இல்லாத நிலையில் முழுச் சுமையும் தங்கள் தலையில் விழுகிறது என்று விவசாயிகள் போராடினார்கள். கிராமத்தாரின் பிரீமியத்தில் ஒரு பங்கை அரசு கஜானாவிலிருந்து தர வேண்டியதாயிற்று. நூற்றுக்கணக்கில் இருந்த காப்பீட்டுச் சங்கங்கள் 2000இல் ஒன்றாக இணைக்கப்பட்டன. இந்த வரலாற்றில் இந்தியா கவனிக்க வேண்டியது அந்த வேகத்தை அல்ல. தொழிலாளர்களை உள்ளே கொண்டுவரச் சட்டம் போதுமானதாக இருந்தது. விவசாயிகளைக் கொண்டுவரச் சட்டத்தோடு வரிப்பணமும் தேவைப்பட்டது.

கட்டாயத்தின் தூய வடிவத்தைப் பார்க்க சுவிட்சர்லாந்துக்குப் போக வேண்டும். 1996 முதல் அங்கே வாழும் ஒவ்வொருவரும் தனித்தனியாக அடிப்படைக் காப்பீடு வாங்கியாக வேண்டும். புதிதாகக் குடியேறுபவருக்கு மூன்று மாத அவகாசம். விற்பவை தனியார் நிறுவனங்கள். ஆனால் அடிப்படைக் காப்பீட்டில் லாபம் பார்க்கக் கூடாது, யாரையும் மறுக்கக் கூடாது. இருபத்தாறு வயதுக்காரருக்கும் எழுபத்தாறு வயதுக்காரருக்கும் ஒரே பகுதியில், ஒரே திட்டத்தில் ஒரே விலை. நம்மூர்ப் பாலிசி வைத்திருப்பவர்களுக்கு இது கற்பனைக் கதை போலத் தோன்றும். ஆனால் அங்கேயும் ஒரு பிழை உள்ளது: வங்கி மேலாளருக்கும் ஓட்டலில் பாத்திரம் கழுவுபவருக்கும் அதே பிரீமியம்தான். வருமானத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. ஏழைகளுக்கு மாநிலங்கள் மானியம் தருகின்றன; மானியம் விலையேற்றத்தை எட்டிப் பிடிப்பதில்லை. 2025இல் பெரியவர் ஒருவருக்குச் சராசரியாக மாதம் 450 பிராங்க் அளவுக்குப் போய்விட்டது. குடும்ப வருமானத்தில் பத்து சதவீதத்துக்கு மேல் பிரீமியம் போகக் கூடாது என்ற யோசனை 2024 ஜூனில் மக்கள் வாக்கெடுப்புக்கு வந்து தோற்றது. பிரீமியம் கட்டத் தவறியவர்களின் பெயரைப் பட்டியலிட்டு, அவசரச் சிகிச்சை தவிர வேறெதுவும் இல்லை என்று சில மாநிலங்கள் நிறுத்திவைத்ததும் உண்டு. எல்லோரையும் காக்க வந்த கட்டாயம், கட்ட முடியாதவர்களைத் தள்ளிவைத்தது.

அமெரிக்காவின் கதையைச் சற்று நீட்டிச் சொல்ல வேண்டும், ஏனென்றால் இந்த விவாதத்தில் நமக்குக் கிடைத்த சோதனைக்கூடம் அதுதான்.

தனிநபர் கட்டாயம் என்ற யோசனையை அங்கே முன்வைத்தவர்களில் வலதுசாரிகளின் ஹெரிடேஜ் ஃபவுண்டேஷனும் ஒன்று, ஆண்டு 1989. 1986ஆம் ஆண்டின் ஒரு சட்டப்படி அவசரப் பிரிவுக்கு வருபவரைக் காசில்லை என்று மருத்துவமனை திருப்பியனுப்ப முடியாது. அப்படியானால் காப்பீடு எடுக்காதவரின் செலவு கடைசியில் மற்றவர்கள் தலையில்தானே விழுகிறது, பொறுப்புள்ள குடிமகன் தன் பங்கைக் கட்டட்டும் என்பது அவர்கள் வாதம். குடியரசுக் கட்சி ஆளுநர் மிட் ராம்னி 2006இல் மசாசூசெட்ஸில் அதைச் சட்டமாக்கினார். 2010இல் ஒபாமா அதையே நாடு முழுமைக்கும் கொண்டுவந்தபோது, அதே கட்சி அதைச் சுதந்திரத்தின் மேல் விழுந்த அடி என்றது. அரசியலில் இதெல்லாம் சகஜம்.

வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. காப்பீடு வாங்கச் சொல்லலாம் என்றால் நாளைக்கு ப்ராக்கோலி வாங்கச் சொல்லவும் அரசால் முடியுமா என்று நீதிபதி ஸ்காலியா கேட்டார். (நம்மூராக இருந்தால் பாகற்காயைச் சொல்லியிருப்பார்கள்.) வேடிக்கையாகத் தோன்றினாலும் கேள்வி கனமானது. எதையும் செய்யாமல் சும்மா இருப்பவரை, ஒரு தனியார் நிறுவனத்திடம் போய் ஒரு பொருளை வாங்கு என்று அரசு விரட்டலாமா? 2012 ஜூனில் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் தீர்ப்பு வந்தது. வாங்கியே ஆக வேண்டும் என்று கட்டளையிட நாடாளுமன்றத்துக்கு அதிகாரமில்லை. வாங்காதவருக்கு விதிக்கும் தொகையை ஒரு வரியாகக் கொண்டால் அது செல்லும் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். கட்டாயத்தின் மேல் போர்த்தியிருந்த துணியை விலக்கி, உள்ளே இருப்பது வரி என்று அவர் காட்டிவிட்டார். இந்த விவாதத்தில் எனக்குத் தெரிந்து இதைவிடத் தெளிவான வாக்கியம் வரவில்லை.

பிறகு நடந்ததுதான் சுவாரசியம். 2017 டிசம்பரில் டிரம்ப் ஆட்சி அந்த வரியைப் பூஜ்யமாக்கியது. நடைமுறைக்கு வந்தது 2019இல். அதுவரை ஆளுக்கு 695 டாலர் அல்லது வருமானத்தில் இரண்டரை சதவீதம், இதில் எது அதிகமோ அதைக் கட்ட வேண்டியிருந்தது. இதை எடுத்தால் 2027க்குள் காப்பீடு இல்லாதோர் எண்ணிக்கை ஒரு கோடியே முப்பது லட்சம் கூடும் என்று நாடாளுமன்றத்தின் வரவுசெலவு அலுவலகம் கணித்திருந்தது. ஏலச்சீட்டு உடையும் என்றே பலரும் எதிர்பார்த்தார்கள். உடையவில்லை. காப்பீடு இல்லாதோர் முதலில் சற்றுக் கூடினார்கள். 2021இல் பிரீமியத்துக்கான மானியத்தைப் பெருக்கியவுடன் அந்த எண்ணிக்கை முன்னைவிடக் கீழே போயிற்று. அபராதத்துக்குப் பயந்து வந்தவர்களைவிட, விலை கட்டுப்படியாகிறது என்று வந்தவர்களே அதிகம் என்பது தெரிந்தது. பாடநூலில் தலைமை இடத்தில் இருந்த கட்டாயம், நடைமுறையில் மானியத்துக்குத் துணையாக நின்ற ஒன்றாகிப்போனது.

காப்பீடு கிடைத்துவிட்டால் உடம்பு தேறிவிடுமா என்பதையும் அமெரிக்காவில்தான் சோதித்தார்கள், அதுவும் தற்செயலாக. ஒரிகன் மாநிலம் 2008இல் ஏழைகளுக்கான அரசுக் காப்பீட்டில் ஏறத்தாழ பத்தாயிரம் இடங்களுக்குக் குலுக்கல் நடத்தியது; தொண்ணூறாயிரம் பேர் விண்ணப்பித்தார்கள். குலுக்கலில் கிடைத்தவர்களையும் கிடைக்காதவர்களையும் ஆய்வாளர்கள் பின்தொடர்ந்தார்கள். இரண்டு ஆண்டு முடிவில், கிடைத்தவர்களிடம் மனச்சோர்வு கணிசமாகக் குறைந்திருந்தது. மருத்துவச் செலவால் குடும்பம் கவிழ்வது ஏறக்குறைய நின்றிருந்தது. ரத்த அழுத்தத்திலும் கொழுப்பிலும் சர்க்கரையிலும் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. இதைக் காட்டி, காப்பீடே வீண் என்று சொன்னவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. வட்டிக்கு வாங்காமல், தாலிச் சங்கிலியை அடகு வைக்காமல் ஒரு குடும்பம் ஆஸ்பத்திரியிலிருந்து வெளியே வருவது பெரிய விஷயம். ஆனால் காப்பீட்டின் வேலை அதுதான், ஆரோக்கியத்துக்கு வேறு வேலைகள் செய்ய வேண்டும் என்பதையும் அந்த ஆய்வு சொல்லிவிட்டது.

எல்லோருக்கும் மருத்துவம் என்ற இடத்தை அடையக் காப்பீடு என்ற வழியில் போகாதவர்களும் உண்டு. பிரிட்டன் 1911இல் தொழிலாளர்களுக்குக் கட்டாயக் காப்பீடு கொண்டுவந்தது. 1948 ஜூலை 5 அன்று அதை ஓரங்கட்டிவிட்டு, வரிப்பணத்தில் தேசிய சுகாதார சேவையைத் தொடங்கியது. இலங்கை 1951இல் அரசு மருத்துவமனைகளில் கட்டணத்தை நீக்கியது. யாழ்ப்பாணத்தில் பெரியாஸ்பத்திரிக்குப் போகிறவர் காப்பீட்டு அட்டையைத் தேட வேண்டியதில்லை. சிறிய வருமானத்தோடு அந்நாடு தாய்சேய் நலத்தில் எட்டிய உயரம் உலகம் அறிந்தது. ஆனால் 2022இல் டாலர் தீர்ந்தபோது மருந்தும் தீர்ந்தது. மருத்துவமனைகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிப்போட்டன, மருத்துவர்கள் வெளிநாட்டில் இருப்பவர்களிடம் மருந்து கேட்டார்கள். சாதாரண நாளிலும் நடுத்தர வர்க்கம் மாலையில் காசு கொடுத்து ஸ்பெஷலிஸ்ட்டை ‘சேனல்’ செய்துதான் பார்க்கிறது.

தாய்லாந்தின் முடிவு இந்த வரிசையில் முக்கியமானது. 2002இல் எல்லோருக்கும் மருத்துவம் என்று சட்டம் போட்டபோது, அமைப்புசாராத் தொழிலாளர்களிடமும் விவசாயிகளிடமும் பிரீமியம் வசூலிக்கப் போவதில்லை என்று தீர்மானித்தார்கள். வசூலிக்க ஆகும் செலவும் சச்சரவும் வசூலைத் தின்றுவிடும். வருகைக்கு முப்பது பாட் மட்டும் வாங்கிக்கொண்டு, மீதியைப் பொது வரியிலிருந்து கொடுத்தார்கள். இந்தோனேசியா 2014இல் எதிர்த் திசையில் போய், அமைப்புசாராத் தொழிலாளர்களும் மாதாமாதம் கட்ட வேண்டும் என்றது. பிரசவத்துக்கோ அறுவைச் சிகிச்சைக்கோ முன்பு சேர்ந்து, முடிந்ததும் கட்டுவதை நிறுத்திவிடுகிறவர்களோடு அந்நாடு மல்லாடுகிறது. சட்டப்புத்தகத்தில் இரண்டு நாட்டிலும் ‘எல்லோருக்கும்’ என்றுதான் இருக்கிறது.

கட்டாயம் கச்சிதமாக நடக்கும் இடங்களும் இருக்கின்றன. துபாயில் வேலை செய்யும் தமிழர்களுக்கு இது பழகிய விஷயம். 2013ஆம் ஆண்டின் சட்டப்படி அங்கே தொழிலாளிக்குக் காப்பீடு எடுப்பது முதலாளியின் கடமை, சம்பளத்தில் கைவைக்கக் கூடாது. காப்பீடு இல்லாவிட்டால் விசா நகராது. 2025 ஜனவரியிலிருந்து அமீரகத்தின் வடக்கு எமிரேட்டுகளுக்கும் இதே நடைமுறை வந்துவிட்டது. சிங்கப்பூர் 2015 நவம்பரில் மெடிஷீல்டு லைஃப் திட்டத்தை எல்லாக் குடிமக்களுக்கும் நிரந்தரவாசிகளுக்கும் கட்டாயமாக்கியது. பழைய நோய் உள்ளவர்களையும் சேர்த்துக்கொண்டது. கடுமையான நோய் உள்ளவர்கள் பத்து ஆண்டுகளுக்கு முப்பது சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும் என்றது. ஒவ்வொருவர் பெயரிலும் ஏற்கெனவே இருக்கும் மெடிசேவ் சேமிப்புக் கணக்கிலிருந்து பிரீமியம் தானாகப் போய்விடுகிறது. துபாயில் விசா, சிங்கப்பூரில் சேமிப்புக் கணக்கு. பிடி கையில் இருந்ததால் கட்டாயம் நடந்தது.

இந்தியாவில் அந்தப் பிடி யாரிடம் இருக்கிறது?

இருக்கும் இடத்தில் நாம் எழுபது வருடத்துக்கு முன்பே கட்டாயப்படுத்திவிட்டோம். ஈ.எஸ்.ஐ. சட்டம் 1948இல் வந்தது. 1952 பிப்ரவரியில் கான்பூரிலும் டெல்லியிலும் நடைமுறைக்கு வந்தது. இன்று தொழிலாளி சம்பளத்தில் 0.75 சதவீதம், முதலாளி 3.25 சதவீதம். நான்கு சதவீதத்துக்குள் குடும்பத்துக்கே சிகிச்சையும், நோய்க்கால ஊதியமும், பிரசவகால உதவியும் தரும் ஏற்பாடு தனியார் சந்தையில் எங்கும் கிடைக்காது. வயது பார்ப்பதில்லை, பழைய நோய் கேட்பதில்லை. ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கூட்டம், மருந்தில்லை, மருத்துவர் இல்லை என்ற முறைப்பாடுகள் நிஜமானவை. ஆனால் அவை கட்டாயம் தோற்றதற்கான சாட்சியம் ஆகாது. வசூலித்த பணத்துக்கேற்ற சேவையைத் தராத நிர்வாகத்தின் குறை அது.

ஈ.எஸ்.ஐ.யின் பெரிய ஓட்டை அதன் சம்பள வரம்பு. 2017 முதல் மாதம் 21,000 ரூபாய். திருப்பூர் பனியன் கம்பெனியில் சூப்பர்வைசராகி 22,000 வாங்குகிறவர், நடப்புப் பங்களிப்புக் காலம் முடிந்ததும் ஈ.எஸ்.ஐ.யிலிருந்து வெளியே வந்துவிடுகிறார். அதற்கு மேல் குழுக் காப்பீடு தருவதும் தராததும் கம்பெனியின் விருப்பம். அவருடைய ஆண்டு வருமானம் இப்போது 2,64,000. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்துக்கு வரம்பு 1,20,000, அங்கேயும் இடமில்லை. சம்பளம் உயர்ந்ததாலேயே அவர் பாதுகாப்பை இழக்கிறார். நிதி ஆயோக் 2021இல் வெளியிட்ட அறிக்கை, இந்தியாவில் எந்தக் காப்பீட்டிலும் சேராமல் நடுவில் விடுபட்டவர்கள் முப்பது சதவீதம், ஏறத்தாழ நாற்பது கோடிப் பேர் என்று சொன்னது. ஏழை என்ற பட்டியலிலும் வரவில்லை, மாதச் சம்பளப் பட்டியலிலும் இல்லை. ஆட்டோ ஓட்டுநர், பெட்டிக்கடைக்காரர், இரண்டு ஏக்கர் விவசாயி, டியூஷன் டீச்சர். கட்டாயக் காப்பீடு வேண்டும் என்று சொல்பவர்கள் இவர்களைத்தான் மனதில் வைத்துச் சொல்கிறார்கள். பிடிப்பதற்குச் சம்பளச் சீட்டு இல்லாதவர்களும் இவர்களேதான்.

நம் ஊரிலேயே ஒரு கட்டாயக் காப்பீடு இருக்கிறது, அதை அந்தப் பெயரில் யாரும் அழைப்பதில்லை. தமிழ்நாடு அரசு ஊழியர்களின் புதிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம். 2021 ஜூலையில் தொடங்கிய சுற்றில் மாதம் 300 ரூபாய் சம்பளத்தில் பிடித்தம். வேண்டாம் என்று சொல்ல வழியில்லை. ஊழியர் சங்கக் கூட்டங்களில் இதைப் பற்றிப் பேச்சு வந்தால், பிடித்தத்தை எதிர்ப்பவர்கள் குறைவு. கட்டணமில்லாச் சிகிச்சை என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் கையில் காசு கேட்கிறார்கள், பில்லில் பாதியைத்தான் காப்பீட்டு நிறுவனம் ஏற்கிறது, பட்டியலில் இல்லாத மருத்துவமனைக்கு அவசரமாகத் தூக்கிக்கொண்டு போனதால் பணம் மறுக்கப்பட்டது என்பவைதான் புகார்கள். ஓய்வூதியர்கள் இதற்காக உயர் நீதிமன்றத்தின் சென்னை அமர்வுக்கும் மதுரைக் கிளைக்கும் அலைந்து உத்தரவு வாங்கியிருக்கிறார்கள். ஊழியர் கட்டுவது மட்டும் கட்டாயமாக இருக்கிறது. நிறுவனம் கொடுப்பதும் மருத்துவமனை சிகிச்சை தருவதும் அதே அளவுக்குக் கட்டாயமாக இல்லை. சந்தை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும் நிலைமை இதுதான்: 2023-24இல் மருத்துவக் காப்பீட்டில் கோரப்பட்ட தொகையில் நூற்றுக்கு 71 ரூபாய் அளவுக்கே வழங்கப்பட்டது.

இந்த நிலையில் எல்லோரும் பாலிசி எடுத்தே தீர வேண்டும் என்று ஒரு சட்டம் வந்தால் என்ன ஆகும்? பெட்டிக்கடைக்காரர் வருடத்துக்கு இருபதாயிரம் கட்டுவார். சுவிட்சர்லாந்தின் கட்டாயமும் நம்மூரின் பொடி எழுத்து நிபந்தனைகளும் ஒன்றுசேரும். கட்டாதவரை யார் பிடிப்பது? ரேஷன் அட்டையை நிறுத்துவார்களா, ஸ்டான்லி மருத்துவமனையில் சேர்க்க மாட்டோம் என்பார்களா? அவசரச் சிகிச்சையை அரசு மருத்துவமனை மறுப்பது வாழும் உரிமைக்கு எதிரானது என்று உச்ச நீதிமன்றம் 1996இல் மேற்கு வங்கத் தொழிலாளி ஒருவரின் வழக்கில் சொல்லிவிட்டது. தண்டிக்க முடியாத இடத்தில் கட்டாயம் என்று எழுதிவைப்பது, பாதி வண்டிகள் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடும் அதே ஏற்பாட்டைத்தான் மருத்துவத்திலும் உண்டாக்கும்.

இன்னொரு சிக்கல், நம் குடும்பங்களின் பணம் எங்கே கரைகிறது என்பது. தேசிய சுகாதாரக் கணக்குகளின்படி மொத்த மருத்துவச் செலவில் மக்கள் கையிலிருந்து நேரடியாகக் கொடுக்கும் பங்கு 2013-14இல் 64 சதவீதமாக இருந்தது, 2021-22இல் 39 சதவீதத்துக்கு இறங்கியிருக்கிறது. அந்த மிச்சத்திலும் மருந்துக்கடைக்கும் ரத்தப் பரிசோதனைக்கும் டாக்டர் ஃபீஸுக்கும் போவது பெரிய பங்கு. வழக்கமான பாலிசியோ இருபத்துநான்கு மணி நேரம் படுத்தால்தான் பார்க்கும். மாதாமாதம் சர்க்கரை, பிரஷர் மாத்திரை வாங்குபவருக்கு அதனால் ஒரு காசு லாபமில்லை. அந்த மாத்திரையை வீட்டுக்கே கொண்டுபோய்த் தரும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கியது. மொத்தமாக மருந்து வாங்கி அரசு மருத்துவமனைகளுக்கு அனுப்பும் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் உருவானது. இவற்றை யாரும் காப்பீடு என்று சொல்வதில்லை. தேனி மாவட்டத்து விவசாயத் தொழிலாளிக்கு ஒரு வருடத்தில் இவை மிச்சப்படுத்தும் தொகை, அரசுக் காப்பீட்டின் ஐந்து லட்ச ரூபாய் அட்டை மிச்சப்படுத்துவதைவிடப் பெரும்பாலான வருடங்களில் அதிகம்.

அட்டை வேண்டாம் என்று இதற்குப் பொருளில்லை. பைபாஸ் அறுவைச் சிகிச்சைக்கு அட்டை வேண்டும். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் பெயரும் வடிவமும் மாறி, 2018இல் ஒன்றிய அரசின் திட்டத்தோடு இணைந்த முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில், அரசு மருத்துவமனைகளும் தனியாரைப் போலவே தாங்கள் செய்த சிகிச்சைக்குத் தொகை கோரிப் பெற முடிகிறது. அந்த வருமானத்தில் கருவிகள் வாங்கியிருக்கிறார்கள். காப்பீட்டுப் பணம் பொதுத் துறைக்குத் திரும்பும் இந்த வழி, தனியார் மருத்துவமனைகளை மட்டும் நம்பித் திட்டம் போட்ட மாநிலங்களிலிருந்து தமிழ்நாட்டைப் பிரித்துக் காட்டுகிறது.

என் கட்சியை நேராகவே சொல்லிவிடுகிறேன். ராபர்ட்ஸ் சொன்னது சரி: கட்டாயக் காப்பீடு என்பது ஒரு வரி. வரி என்றால் அதை வருமானத்துக்கேற்பப் போட வேண்டும், கஜானாவுக்கு வர வேண்டும், கணக்கு சட்டமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். ஒரு தனியார் நிறுவனத்துக்கு வரி வசூலிக்கும் உரிமையைக் கொடுத்துவிட்டு, யாருக்குத் திருப்பித் தருவது என்பதையும் அதன் இஷ்டத்துக்கு விட்டுவிட முடியாது. சம்பளச் சீட்டு உள்ளவர்களுக்கு ஈ.எஸ்.ஐ. வரம்பை உயர்த்தினாலே போதும். புதுச் சட்டம் தேவையில்லை. செயலி வழியாக உணவும் ஆட்டோவும் தரும் கம்பெனிகள் ஆண்டு விற்றுமுதலில் ஒன்று முதல் இரண்டு சதவீதம் வரை தொழிலாளர் நிதிக்குத் தர வேண்டும் என்று சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு சொல்கிறது. அது 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்திருக்கிறது. பிடிக்கக்கூடிய இடத்தில் பிடிப்பதற்கு அது ஒரு வழி.

மீதமுள்ள பெட்டிக்கடைக்காரருக்கும் டியூஷன் டீச்சருக்கும் ராஜஸ்தான் 2021இல் செய்ததைப் பார்க்கலாம். ஏழைகளுக்கு இலவசம், மற்ற குடும்பங்கள் ஆண்டுக்கு 850 ரூபாய் கட்டினால் அதே அரசுத் திட்டத்தில் சேரலாம் என்று கதவைத் திறந்துவிட்டார்கள். வருமானச் சான்றிதழ் வேண்டாம், உடல் பரிசோதனை வேண்டாம். தமிழ்நாட்டில் 1,20,000 ரூபாய் வரம்புக்கு மேலே இருப்பவர்களுக்கு அப்படி ஒரு கதவு இல்லை. நாளைக்கே மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டு கவுன்ட்டரில், பணம் கட்டிச் சேர விரும்புகிறேன் என்று ஒரு ஆட்டோ ஓட்டுநர் போய் நின்றால், வருமானச் சான்றைப் பார்த்துவிட்டுத் திருப்பி அனுப்புவார்கள். சேர வருகிறவரைத் திருப்பி அனுப்பிக்கொண்டே, சேராதவரைக் கட்டாயப்படுத்துவது பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.